செல்வராணியின் வாசப் பானை

மாசாயில் செல்வராணி ஓட்டும் வேனில் ஏறுகிற பெண்கள் முதல் சிவப்பு விளக்கைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்குத் தூக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்களைக் கேட்டால் வேனின் வாசத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் முடிச்சுப் போட்ட பாண்டான் இலைக் கட்டு. கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடை நிறையக் கஸ்தூரி எலுமிச்சை. "ராணிக்கா வேன்ல ஏறினா பாயாசத்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கு லா" என்று ஒருத்தி சொன்னாள். அதை செல்வராணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிடும். பாதி வாக்கியம் சிரிப்பிலேயே போய்விடும்.

செல்வராணிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரெங்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் மாசாய்க்கு வந்து மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். லோரி ஓட்டும் தங்கராஜுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் லோரியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துப் பார்த்து, இது என்ன பெரிய வித்தை என்று தானும் லைசன்ஸ் எடுத்து வேன் ஓட்டத் தொடங்கினாள். தெருவில் அவளுடைய ஹாரனுக்கு முன்னால் அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இலை, தழை, எலுமிச்சை என்று அவள் இறங்கியது தங்கராஜுவால்தான். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் சுத்தம் செய்து முடித்த வீட்டில், கடையில் வாங்கின லாவெண்டர் ஸ்பிரேயை மூலைக்கு மூலை அடித்தாள். தங்கராஜு வேலையிலிருந்து வந்தார், உட்கார்ந்தார், தும்மினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. பக்கத்து வீட்டு ரசியா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன ராணி, மோட்டார் ஸ்டார்ட் ஆகலியா?" என்று கேட்டாள். ரசியாவின் கணவர் சுப்ஹான் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். தும்முவது மனிதர்தான் என்று தெரிந்ததும் ரசியா சிரித்த சிரிப்பில் அவளுக்கே விக்கல் எடுத்துவிட்டது.

ஸ்பிரே குப்பைக்குப் போனது. டாக்சிக்காரர்கள் பின்கண்ணாடி ஓரத்தில் பாண்டான் இலை வைப்பதைப் பார்த்து, அதையே செல்வராணி வீட்டுக்குள் கொண்டுவந்தாள். காப்பி வடித்த சக்கையைக் காயவைத்துச் செருப்பு அலமாரியில் வைத்தாள். மழை மாதங்களில் துணி அலமாரிக்குள் ஈரவாடை ஏறாமல் இருக்க அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். குப்பைக்கூடையின் அடியில் சமையல் சோடாவைத் தூவினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பானை இருந்தது. அதில் தண்ணீர் வைத்து, செராய் என்கிற எலுமிச்சைப்புல்லின் தட்டின தண்டு, எலுமிச்சை இலை, பட்டை, கிராம்பு போட்டுச் சிறு தீயில் விட்டுவிடுவாள். ஆவி கூடத்துக்கு வந்து, படியேறி, மேல்மாடி அறை வரைக்கும் போகும். தெருவில் அதற்கு வாசப் பானை என்று பெயர் வந்துவிட்டது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும், "ராணி, ஒரு பானை போட்டுக் குடேன்" என்று கேட்டு வருவார்கள். அவளும் சளைக்காமல் போட்டுக் கொடுப்பாள்.

எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்த சமயத்தில்தான் செல்வராணிக்குக் கோவிட் வந்தது. சில நாள் காய்ச்சல், இருமல், அப்புறம் எழுந்துவிட்டாள். எழுந்து காப்பி கலக்கிக் குடித்தபோது வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. இன்னொரு கரண்டித் தூள் போட்டாள். கசந்ததே தவிர, காப்பியாக இல்லை. பாண்டான் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாள். காகிதம் மாதிரி இருந்தது. கிளினிக்கில், "சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு நாளாகும்" என்றார்கள். அவளுக்கு நாளானது. மாதங்களும் ஆயின.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெருவே அவளுடைய மூக்கை நம்பியிருந்தது. பழக்கத்தில் கை அளந்து போட்டது, பானை கொதித்தது. சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் கிராம்பு போட்டாள். அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு ரசியாவுக்குப் போட்டுக் கொடுத்த பானையைப் பற்றி சுப்ஹான், "பெருநாளா, பல் டாக்டர்கிட்ட வந்திருக்கோமா?" என்று கேட்டாராம். ரசியா அதைப் பல மாதங்கள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

தங்கராஜு கண்டுபிடித்தது ஒரு ஜோடிக் காலுறையால். நீண்ட பயணம் போய்விட்டு வந்தவர் காலுறையைக் கழற்றிச் சோபாவின் கைப்பிடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து செல்வராணி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விளம்பரம் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது.

"ராணி, ஒடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தான் இருக்கேன்."

"சாக்ஸ் இங்க கெடக்கு. நீ ஒண்ணும் சொல்லலியே?"

செல்வராணி காலுறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியது அழுகையில் போய் முடிந்தது. விஷயம் தெரிந்ததும் தங்கராஜு எழுந்துபோய்க் காலுறையைத் தானே துவைத்துப் போட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து, "அதுக்கென்ன, என் மூக்கு சும்மாத்தானே இருக்கு. வேணும்கிறப்ப கேளு" என்றார்.

கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த மூக்குக்கு வார்த்தையே இல்லை என்று.

"என்ன வாசம் வருது?" என்பாள் பானைக்கு முன்னால் நின்று.

"நல்லா இருக்கு."

"நல்லான்னா?"

"நல்லான்னா... நல்லாத்தான்."

"எதை மாதிரின்னு சொல்லுங்க. ரோட்டுல எதெதையோ பாக்குறீங்க இல்ல?"

தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அடுத்த நாளும் யோசித்தார். ஒருநாள் வெறும் செராய்ப் பானைக்கு முன்னால் நின்று, "மழை நின்ன ஒடனே செம்பனைக் காட்டு ரோட்டுல லோரிக் கண்ணாடிய எறக்குவேன் பாரு, அந்த மாதிரி" என்றார். செல்வராணி அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. போகிற வழியெல்லாம் குரல் பதிவு அனுப்பினார். "ராணி, யோங் பெங் தாண்டிட்டேன். ரொட்டிக் கடையில நெய் வாசம். சூடா இருக்கு, ஆனா கொஞ்சம் கருகிருச்சு." "ராணி, இங்க ஆத்தோரம். சேறு வாசம். நல்ல சேறு." செல்வராணி வேனை நிறுத்தும் இடங்களில் அவற்றைச் சத்தமாகப் போட்டுக் கேட்பாள். தூங்க வேண்டிய பெண்கள் விழித்திருந்து, "அக்கா, நல்ல சேறுன்னா எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மகள் ஷர்மினி ஒரு செய்தி சொன்னாள். அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கும் வசந்தனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வசந்தனின் பெற்றோர் ஐயாசாமியும் செல்லமும் யோங் பெங்கிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறார்கள். மதியச் சாப்பாடு இங்கேதான்.

செல்வராணி தெங்கிரி மீனும் இறாலும் வாங்கிப் பின்கட்டு ஃப்ரீசரில் அடைத்தாள். அந்த வாரக் கடைசியில்தான் ரெங்கத்தில் அவளுடைய தம்பி புதுவீடு குடிபோனான். வெள்ளிக்கிழமையே அங்கே போய்விட்டாள். தங்கராஜு குவாந்தானுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஆளில்லாத வீட்டின் மேல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் இடி விழுந்தது. பின்கட்டுக் கரண்டு டிரிப் ஆனது. மாசாய் வெயிலில் இரண்டு நாள் மீனும் இறாலும் அந்த மூடிய பெட்டிக்குள் இருந்தன.

ஞாயிறு காலை செல்வராணி வந்து கதவைத் திறந்தாள். பின்கட்டு விளக்கு எரியவில்லை. சுவிட்சைத் தூக்கிவிட்டாள், எரிந்தது. சரி என்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கேசரிக்கு ரவை வறுத்தாள். வடைக்கு அரைத்தாள். இன்றைக்கு ஈ அதிகமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தாள்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசியா உள்ளே வந்தாள்.

"யா அல்லா! ராணி, ஒன் வீட்டுல என்னடி செத்துக் கெடக்கு?"

"என்னக்கா சொல்றீங்க?"

"வாசல்லயே கால் வைக்க முடியல. நீ உள்ள ஒக்காந்து வடை தட்டுறே!"

செல்வராணியின் கை மாவிலேயே நின்றது. ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தாள். ரசியா வாசலுக்கு ஓடினாள். செல்வராணி மட்டும் திறந்த பெட்டிக்கு மேல் குனிந்து, எதுவும் தெரியாமல், கலங்கிய தண்ணீரில் மிதந்த இறாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள், "அக்கா, எனக்கு மூக்கு வேலை செய்யல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

ரசியா வாசலில் நின்றபடியே இடுப்பில் கைவைத்தாள். "அப்ப பெருநாளுக்கு எனக்குப் போட்ட பானை?"

"குத்துமதிப்பா போட்டதுதான்."

"அதான் பல்லாஸ்பத்திரி!" ரசியா படியில் உட்கார்ந்து சிரித்தாள். வாயைத் திறந்து சிரித்ததால் நாற்றம் உள்ளே போய் இருமினாள். இருமிக்கொண்டே கையை நீட்டினாள். "வா, வா. சம்பந்தக்காரங்க வர்றதுக்குள்ள ஏதாவது செய்வோம். குப்பைப் பை எங்க?"

அந்தச் சமயத்தில் தங்கராஜு வந்து சேர்ந்தார். லோரியைப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தவர், கேட்டுக்கு வெளியே நின்று மோப்பம் பிடித்தார். "அலமாக்!" என்றார். வேறு எதுவும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ரசியா ஃபோனில் சொன்னதும் சுப்ஹான் கடையிலிருந்து வேன் அனுப்பி மீன் மூட்டையை எடுத்துப் போகச் சொன்னார். அதே வேன் ஒரு வாளி காப்பிச் சக்கையைக் கொண்டுவந்து இறக்கியது. ஃப்ரீசரைச் சோடாவும் வினிகரும் போட்டுத் தேய்த்தார்கள். உள்ளே கரித்துண்டுகளைப் பரப்பினார்கள். ஜன்னல் திரைகளைக் கழற்றினார்கள், மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டார்கள், மூலைக்கொரு தட்டில் காப்பிச் சக்கையை வைத்தார்கள். பட்டையும் கிராம்பும் தீர்ந்துபோயிருந்தன. "நல்லதாப் போச்சு, ஒன் கிராம்பே வேணாம்" என்றாள் ரசியா. வேலியோரச் செராயை வேரோடு பிடுங்கிக் கழுவி, எலுமிச்சை மரத்து இலைகளைக் கிளையோடு ஒடித்து, கையில் கிடைத்த, இஞ்சி மாதிரியான லெங்குவாஸ் கிழங்கையும் தட்டி, வீட்டிலேயே பெரிய சமையல் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள்.

தங்கராஜு முழங்காலில் தவழ்ந்து வீட்டை முகர்ந்தார். செல்வராணி துடைப்பத்தோடு பின்னாலேயே போனாள்.

"இங்க போயிருச்சு. இங்க கொஞ்சம் இருக்கு. சோபாவுக்குப் பின்னால... அழுது முடிச்ச மாதிரி ஒரு வாசம்."

"அழுது முடிச்ச மாதிரியா? துடைக்கணுமா, வேணாமா?"

"தொடைச்சிரு."

இரண்டாவது சுற்றில் அவர் கூடத்தின் நடுவில் எழுந்து நின்றார். "மீன் போச்சு ராணி. சத்தியமாப் போச்சு."

"இப்ப என்ன வாசம்?"

"சாப்பாடு மாதிரி இருக்கு. நல்ல பசி எடுக்கிற மாதிரி. என்ன சாப்பாடுன்னுதான்..."

அவர் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. முதலில் ஷர்மினி உள்ளே வந்தாள். மூச்சை இழுத்தாள். "மா, தோம் யாம் வைக்கிறியா?"

செல்வராணியும் ரசியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செராய், எலுமிச்சை இலை, லெங்குவாஸ். தோம் யாம் சூப்புக்கு வேண்டிய சாமான் அத்தனையும் பானைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. இறாலும் உப்பும் மட்டும்தான் பாக்கி.

பெரிய உடம்பும் பெரிய குரலுமாக ஐயாசாமி உள்ளே வந்தார். செம்பனை ஆலையில் எடைமேடை பார்க்கிறவர். வணக்கம் சொல்ல எடுத்த கை பாதியில் நின்றது. "ஆஹா! தோம் யாம்! காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. யார் சொன்னா ஒங்களுக்கு, இது எனக்கு உசுருன்னு?" என்று மகனைப் பார்த்தார். வசந்தன் விழித்தான். செல்லம் ஒல்லியாக, அமைதியாக, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், காப்பிச் சக்கைத் தட்டுகளைப் பார்த்தார்.

"அது வந்து, தோம் யாம் இல்ல, அது..." என்று தங்கராஜு உண்மையைச் சொல்லப் போனார். செல்வராணி அவர் முழங்கையில் கிள்ளினாள். "அது இன்னும் ஆகல. கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்ல வர்றாங்க. வடை சாப்பிடுங்க!"

சமையலறைக்குள் வந்ததும் ரசியா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஃபோன் போட்டாள். "ஆங், எறாலு. நல்ல பெருசா. காளான் இருக்கா? அதுவும். சோறும் அனுப்புங்க. இல்லங்க, கிண்டல் பண்ணல, ஒடனே அனுப்புங்க!"

இறால் வந்தது. செல்வராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தண்டையும் கிளையையும் அள்ளி எடுத்துவிட்டு, இறாலையும் காளானையும் தட்டின மிளகாயையும் உள்ளே விட்டாள். ருசி போனாலும் நாக்குக்குப் புளிப்பும் உறைப்பும் உப்பும் மட்டும் மிச்சமிருந்தன. இந்தச் சூப்புக்கு அது போதும். ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். புளிப்பு போதவில்லை. கஸ்தூரி எலுமிச்சைகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பானைக்கு மேல் பிழிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

என்னவோ ஒன்று மூக்கின் உள்ளே சுருக்கென்றது.

கையிலிருந்த பழத்தோலை மூக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி ஆவிக்கு மேல் குனிந்தாள். இருந்தது. நூல் மாதிரி மெல்லிசாக, ஆனால் இருந்தது.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடத்தில் ஐயாசாமி வடையைக் கீழே போட்டார். "ஏங்க! எலுமிச்சை!"

பழம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துத் தங்கராஜு வேனுக்கு ஓடினார். கூடையோடு திரும்பி வந்தபோது எல்லாரும் சமையலறை வாசலில் நின்றார்கள். செல்வராணி இரண்டு கைகளாலும் காற்றை அள்ளி அள்ளி முகத்தில் பூசிக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சை வேணாங்க! எலுமிச்சை வருது! எனக்கு வருது!"

தங்கராஜு கூடையைத் தவறவிட்டார். பழங்கள் உருண்டு எல்லார் காலுக்கும் அடியில் போயின. அவர் விருந்தாளிகள் முன்னாலேயே அவளைத் தூக்கப் பார்த்தார். லோரி ஓட்டி ஓட்டி முதுகு போயிருந்ததால் பாதி உயரம்தான் வந்தாள். ரசியா சிரித்தாள், ஷர்மினி அழுதாள். ஒன்றும் புரியாத ஐயாசாமி கை தட்டினார்.

அப்புறம் செல்வராணியை யாராலும் பிடிக்க முடியவில்லை. வசந்தனின் சட்டையை முகர்ந்து, "ஒண்ணும் தெரியல!" என்று சந்தோஷமாக அறிவித்தாள். ஐயாசாமி தானாகவே வந்து தலையை நீட்டினார். "தைலம்! கொஞ்சமாத் தெரியுது!" கடைசியில் செல்லத்தின் முன்னால் வந்ததும்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள். முகம் சிவந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காய்ச்சல், மூக்கு, இடி, மீன், பானை, எதையும் விடவில்லை. "நீங்க சாப்பிடப்போற சூப்பு, வீட்டு நாத்தத்துக்குப் போட்டதும்மா. மன்னிச்சிருங்க."

செல்லம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "வாசல்லயே தெரிஞ்சுச்சு, மீன் கெட்டிருக்குன்னு. எங்க வீட்டு ஃப்ரீசரும் போன வருஷம் இப்படித்தான். இவங்க அக்கா குடும்பம் வர்ற அன்னிக்கு. நான் முழு சாம்பிராணிப் பெட்டியையும் கொளுத்திட்டேன். தீயணைப்புக்காரங்க வந்துட்டாங்க." சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க, வருதா?"

செல்வராணி கிட்டே போனாள். நெடுநேரம் மூச்சை இழுத்தாள்.

"வரல," என்றாள்.

"நாளைக்கு வரும்," என்றார் செல்லம். சரத்தை எடுத்து அவள் கொண்டையில் செருகினார்.

சூப்பு ஒரு துளி மிஞ்சவில்லை. ஐயாசாமி மூன்றாவது கிண்ணத்துக்கு அப்புறம்தான் கல்யாணப் பேச்சை எடுத்தார். எடுத்தவுடனே முடித்தும்விட்டார். தை மாதம், யோங் பெங்கில், சாப்பாடு சுப்ஹான் கடை. தோம் யாம் கட்டாயம்.

மல்லிகை மறுநாள் வரவில்லை, பத்து நாளைக்கு மேல் ஆனது. மற்ற வாசங்களும் வரிசை பார்க்காமல் வந்தன. பெட்ரோல் வந்தது, வெங்காயம் வரவில்லை. சோப்பு வந்தது. காப்பி வந்தபோது, எரிந்த ரப்பர் மாதிரி வந்து அவளைப் பயமுறுத்திவிட்டு, மெள்ள மெள்ளச் சரியானது. வேனில் ஏறுகிற பெண்கள் ஒவ்வொருவரும் கைப்பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டுவார்கள். "அக்கா, இது?" என்பார்கள். ஊறுகாய், பவுடர், புளிப்பு மிட்டாய். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் வேன் முழுக்கக் கைதட்டல். அந்த நாட்களில் வேனில் யாரும் தூங்கவில்லை.

வாசங்கள் ஓரளவு சேர்ந்ததும் தங்கராஜு ஒரு நாள் லீவு போட்டார். சாயங்காலம் இருவரும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கிளம்பினார்கள். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. சாத்தே இறைச்சி வாட்டும் புகைக்கு முன்னால் நின்றார்கள், அப்பம் பாலேக் தட்டுக்கு முன்னால் நின்றார்கள், டுரியான் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை வந்தார்கள்.

"என்ன வாசம்?" என்று இந்தத் தடவை தங்கராஜு கேட்டார்.

"இருங்க, பேசாதீங்க" என்றாள் செல்வராணி. கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் அவள் யார் மேலும் மோதிவிடாமல் இருக்க அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அவள் மூக்கு இழுத்த பக்கமெல்லாம் போனார்கள்.